கேனான் 1500டி-க்கு எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ்: 18-200ஆ, 18-400ஆ, வேறு ஏதாவதா?

உங்களிடம் இருப்பது கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ் (இந்த எண்கள் மில்லிமீட்டரில் குவியத்தூரம்; சிறிய எண் அகலமாகக் காட்டும், பெரிய எண் தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும்). வீட்டு விசேஷம், கோயில், ஏரிக்கரைப் பறவை எல்லாவற்றையும் கழற்றி மாட்டாமல் ஒரே லென்ஸில் எடுக்க வேண்டும், அதற்கு 18-200 வாங்கலாமா, 18-400 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் எது நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் வேறொன்றைத் தீர்க்க வேண்டும். 55-க்கு மேல் உங்களுக்கு எவ்வளவு தூரம் தேவைப்படுகிறது, லென்ஸ் மாற்றாத வசதிக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கத் தயார் என்பதுதான் அது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே லென்ஸ்தான் என்றால் 18-135 எஸ்டிஎம் (சத்தமில்லாத ஃபோகஸ் மோட்டார் உள்ள வகை). பறவைதான் முக்கியம் என்றால் கையிலிருக்கும் 18-55-ஐ அப்படியே வைத்துக்கொண்டு கூடவே 55-250 எஸ்டிஎம். நீங்கள் கேட்ட இரண்டையும் இவற்றுக்குப் பின்னால்தான் வைப்பேன். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். படித்த பிறகு உங்கள் தேவைக்கு வேறு முடிவு வந்தாலும் சரிதான்.

காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இதுவரை எடுத்த படங்களை எண்ணிப் பாருங்கள். எந்தக் குவியத்தூரத்தில், அதாவது 18-லா 35-லா 55-லா, எடுத்தது என்ற குறிப்பு ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருக்கும். விண்டோஸில் படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து ‘டீடெய்ல்ஸ்’ பார்வைக்கு மாற்றுங்கள். மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, ‘மோர்’ என்பதற்குள் போய் ‘ஃபோக்கல் லெங்த்’ என்பதை டிக் செய்தால் அது ஒரு பத்தியாக வந்துவிடும். அந்தத் தலைப்பை ஒருமுறை தட்டினால் 18-லிருந்து 55 வரை படங்கள் வரிசையாக நிற்கும். இரண்டு முனைகளிலும் எத்தனை படங்கள் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள்.

18-ல் நிறையக் குவிந்திருந்தால் உங்களுக்குக் குறைவது அகலம். 18-200, 18-400 இரண்டுமே 18-ல்தான் தொடங்குகின்றன, ஆகவே எவ்வளவு செலவழித்தாலும் அந்தக் குறை தீராது. 55-ல் குவிந்திருந்தால் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நீங்கள் எடுக்க நினைத்த பொருள் படச்சட்டத்தின் அகலத்தில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கவனியுங்கள். பாதி இடம் பிடித்திருந்தால் 110 போதும். கால்வாசி என்றால் 220 வேண்டும். அரைக்கால் என்றால் 440 வேண்டும். அந்த வேலை எந்த ‘ஆல் ரவுண்ட்’ லென்ஸுக்கும் உரியது இல்லை. பெரும்பாலானவர்களின் படங்களில் பாதிக்கும் கால்வாசிக்கும் இடையில்தான் விழும். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. எட்டாது என்று தெரிந்து எடுக்காமலே விட்ட படங்கள் இதில் வராது. அதனால் அடுத்த இரண்டு மூன்று வாரம், கேமராவை உயர்த்திவிட்டு எடுக்காமல் இறக்கிய ஒவ்வொரு தடவையும் என்ன பொருள், எத்தனை அடி தூரம் என்று ஃபோனில் ஒரு வரி குறித்து வையுங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அந்தக் குறிப்பு உங்களுக்கு அதிகம் உதவும்.

இனி எண்களின் அர்த்தம். 1500டி-யின் சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். சென்சார் அகலத்தைக் குவியத்தூரத்தால் வகுத்து, நீங்கள் நிற்கும் தூரத்தால் பெருக்கினால் சட்டத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று வந்துவிடும். மண்டபத்தில் மேடைக்கு 3 மீட்டர் முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 18-ல் 3.7 மீட்டர் அகலம் அடங்கும். 24-ல் 2.8 மீட்டர்தான். குறைகிற 90 சென்டிமீட்டர் என்பது வரிசையின் ஓரத்தில் நிற்கும் இரண்டு பேர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி அடி முதல் உச்சி வரை அடக்க, 18-ல் ஏறத்தாழ 33 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 24-ல் 56 மீட்டர் பின்னால் போக வேண்டும். பெரிய கோயிலின் வெளியில் அதற்கு இடம் இருக்கிறது. தெருவை ஒட்டி நிற்கும் எத்தனையோ கோபுரங்களுக்கு முன்னால் இருக்காது. இதனால்தான் 24-105, 28-135 போன்ற பெரிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களை, எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும், 1500டி-யில் ஒரே லென்ஸாக வாங்காதீர்கள் என்கிறேன். பழைய சாமான் கடையில் நல்ல விலைக்குக் கிடைக்கும்போது ஆசை வரும். வாங்கி வந்த முதல் விசேஷத்திலேயே சுவரில் முதுகு முட்டும்.

தூரத்துக்கும் இதே கணக்குதான். 10 மீட்டர் தூரத்தில் 55-ல் 4 மீட்டர் அகலம் அடங்கும், 135-ல் 1.65 மீட்டர், 200-ல் 1.1 மீட்டர், 400-ல் 56 சென்டிமீட்டர். 55-லிருந்து 135-க்குப் போவது பெரிய தாவல். 135-லிருந்து 200 நினைக்கிற அளவு பெரிய தாவல் இல்லை. 1500டி எடுக்கும் படம் 6000-க்கு 4000 பிக்சல், அதாவது 24 மெகாபிக்சல். 135-ல் எடுத்த படத்தை 200-ல் எடுத்தது போலத் தெரியுமாறு வெட்டினால் 4050-க்கு 2700 பிக்சல் மிஞ்சும். கிட்டத்தட்ட 11 மெகாபிக்சல். 12-க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 225 புள்ளி வருகிறது, அச்சுக்கு அது தாராளம். 55-ல் எடுத்ததை அப்படி வெட்டினால் 1.8 மெகாபிக்சல்தான் மிஞ்சும், ஃபோன் திரைக்கு மேல் எதற்கும் உதவாது. 18-135-ஐ முதலில் வைத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பறவைக்கு வருவோம். வெண்மார்பு மீன்கொத்தி அலகிலிருந்து வால் வரை சுமார் 28 சென்டிமீட்டர். 20 மீட்டர் தள்ளிக் கம்பியில் உட்கார்ந்திருந்தால் 135-ல் 500 பிக்சல் நீளத்துக்குத் தெரியும், 200-ல் 750, 250-ல் 940, 400-ல் 1500. அதாவது 400 வைத்தும் அந்தப் பறவை சட்டத்தின் கால்வாசியைத்தான் நிரப்பும். வேடந்தாங்கலில் கரைக்கும் கூடு கட்டும் மரங்களுக்கும் உள்ள தூரம் இதைவிட அதிகம். அங்கே 250-ல் மரம் முழுக்க உட்கார்ந்திருக்கும் நாரைக் கூட்டத்தை அழகாக எடுக்கலாம். ஒற்றைப் பறவையின் கண்ணும் இறகும் தெரிய வேண்டும் என்றால் 18-400-உம் ஏமாற்றத்தான் செய்யும். தனிப் பறவைப் படத்தில் எவ்வளவு பெரிய லென்ஸ் வைத்திருந்தாலும் மெதுவாக நடந்து கிட்டப் போவதும், பறவை வந்து உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் அசையாமல் காத்திருப்பதும்தான் பெரிய வித்தியாசத்தைத் தரும். 20 மீட்டரை 10 மீட்டராக்கினால் 250-ஏ 500 போல வேலை செய்யும்.

அடுத்து வெளிச்சம். புதிதாக வாங்குபவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். லென்ஸின் மேல் 3.5-5.6 என்று எழுதியிருப்பது, 18-ல் எஃப் 3.5 வரை திறக்கும், நீட்டி முடிக்கும்போது எஃப் 5.6 தான் என்பதைச் சொல்கிறது. எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். வேறு நிறுவனங்களான டாம்ரான், சிக்மாவின் நீள ஜூம்கள் முடிவில் எஃப் 6.3-க்குப் போகும், அது 5.6-ஐவிட மூன்றில் ஒரு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). நடந்துகொண்டும் கையை ஆட்டிக்கொண்டும் இருக்கும் ஆளை உறைய வைக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/125 விநாடி வேண்டும். சுமாரான விளக்குகள் உள்ள கல்யாண மண்டபத்தில் எஃப் 5.6, 1/125 என்று வைத்தால் சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 3200 பக்கம் போய் நிற்கும். 1500டி-யில் 3200 பரவாயில்லை, கொஞ்சம் மணல் தூவியது போலப் புள்ளி தெரியும். இரவில் வீட்டு டியூப்லைட் வெளிச்சம் அதில் பாதி அல்லது கால்வாசி. அங்கே 6400-உம் தாண்ட வேண்டிவரும், முகத்தின் நிறமே கெட்டுவிடும். இந்தக் குறை 18-55, 18-135, 18-200, 18-400 எல்லாவற்றுக்கும் பொது. ஜூம் நீளம் கூடுவதால் இருட்டுப் பிரச்சினை தீராது. அதைத் தீர்ப்பது 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் மாதிரி ஜூம் இல்லாத லென்ஸ். 160 கிராம்தான், கேனானின் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. எஃப் 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். 3200 கேட்ட இடத்தில் 320 போதும். ‘ஒரே லென்ஸ்’ என்ற கொள்கையை எந்த ஒரு இடத்திலாவது தளர்த்த முடியுமானால் இதற்காகத் தளர்த்துங்கள்.

ஐஎஸ் என்ற நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். ஓடும் குழந்தையை நிறுத்தாது. தடுப்பு இல்லாமல் கையில் பிடித்து எடுக்கக் குவியத்தூரத்தை 1.6-ஆல் பெருக்கி அந்த வேகத்துக்குக் குறையாமல் வைப்பது வழக்கம். 200 என்றால் 1/320. மூன்று ஸ்டாப் தடுப்பு இருந்தால் அதை 1/40 வரை இறக்கலாம். கோபுரத்துப் பொம்மைகளை மாலை வெளிச்சத்தில் எடுக்க இது பெரிய உதவி. பறக்கும் கொக்குக்கு ஐஎஸ் இருந்தாலும் 1/1000 வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். கேமரா பாடிக்குள் 1500டி-யில் நடுக்கத் தடுப்பு கிடையாது. ஆகவே ஐஎஸ் இல்லாத நீள லென்ஸைத் தொடாதீர்கள். குறிப்பாகக் கேனான் 75-300. விலை குறைவு என்று ஜோடிப் பெட்டிகளில் வரும். தடுப்பு இல்லாததோடு 300-ல் படமும் மங்கல். பலர் அதை வாங்கிவிட்டுத் தனக்குப் படம் எடுக்க வரவில்லை என்று நினைத்துக் கேமராவையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதுவரை எழுதியது பெரும்பாலும் வெறும் கணக்கு, யார் எடுத்தாலும் மாறாது. இனிமேல் சொல்வதில் மதிப்பீடும் கலக்கிறது. ஜூம் விகிதம் கூடக் கூட லென்ஸ் செய்பவர் அதிகம் சமரசம் செய்ய வேண்டியிருக்கிறது. 18-55 மூன்று மடங்கு, 18-135 ஏழரை மடங்கு, 18-200 பதினோரு மடங்கு, 18-400 இருபத்திரண்டு மடங்கு. அகலக் கோணத்துக்கும் தொலைவுக்கும் ஒரே கண்ணாடி அடுக்கு வேலை செய்ய வேண்டும் என்னும்போது, 18-ல் நேரான சுவர் வெளிப்பக்கம் உப்பும், சற்று நீட்டியதும் உள்பக்கம் வளையும், ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாக விளிம்பு தெரியும், முடிவில் கூர்மை குறையும். வளைவையும் நிற விளிம்பையும் கணினியில் சரி செய்துவிடலாம். போன கூர்மை திரும்பி வராது. எஃப் 8 வைத்தால் எல்லா ஜூம்களுமே ஓரளவு தேறும், பகலில் அதுதான் நல்ல எண். எஃப் 16, 22 என்று போகாதீர்கள். 24 மெகாபிக்சல் சென்சாரில் எஃப் 11-க்கு மேல் ஒளிச்சிதறலே படத்தை மென்மையாக்கிவிடும். ஒரே மாடலில் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் இருப்பதும் உண்மை. நண்பரின் 18-200 நன்றாக இருக்கிறது என்பதால் உங்களுக்கு வரும் 18-200-உம் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. நீள ஜூம்களில் இந்த வித்தியாசம் அதிகம் கண்ணில் படும்.

நீள ஜூம்களைப் பற்றி அட்டைப் பெட்டியில் எழுதாத ஒன்று உண்டு. 200 என்ற எண் வெகு தொலைவில் ஃபோகஸ் செய்யும்போது மட்டும் பொருந்தும். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது இத்தகைய லென்ஸ்களின் குவியத்தூரம் உள்ளுக்குள் சுருங்கிவிடும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுவரில் ஒரு அளவு நாடாவைப் படுக்கையாகப் பிடிக்கச் சொல்லி, 2 மீட்டர் தள்ளி நின்று, 200-ல் வைத்து எடுங்கள். உண்மையான 200 என்றால் நாடாவில் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர்தான் சட்டத்துக்குள் தெரிய வேண்டும். 30 சென்டிமீட்டர் தெரிந்தால் அந்தத் தூரத்தில் அது 150-க்குச் சமம். முகம், பூ, வண்ணத்துப்பூச்சி எல்லாம் கிட்டத்தில் எடுப்பவை. காசு கொடுத்து வாங்கிய நீளம் அங்கேயெல்லாம் முழுசாகக் கிடைக்காது.

லென்ஸ் லென்ஸாகப் பார்த்தால், 18-135 எஸ்டிஎம் 2012-ல் வந்தது, 480 கிராம், 67 மி.மீ. ஃபில்டர், 39 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகும். ஃபோகஸ் மோட்டார் சத்தம் இல்லாதது, ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கம் சுழலாது. உங்களுடையது 18-55 ஐஎஸ் II என்றால் அதில் முன்பக்கம் சுழலும். போலரைஸர் (பளபளப்பைக் குறைக்கத் திருப்பி வைக்கும் ஃபில்டர்) மாட்டினால் ஒவ்வொரு ஃபோகஸுக்கும் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியிருப்பது அதனால்தான். 2016-ல் வந்த 18-135 யுஎஸ்எம் (வேறு வகை ஃபோகஸ் மோட்டார்) இன்னும் வேகம், 515 கிராம். விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் எஸ்டிஎம்மே போதும். எஸ்டிஎம் வாங்கினால் வீடியோவில் ஃபோகஸ் தானாகத் தொடரும் என்று சிலர் சொல்வார்கள். 1500டி-யின் திரையில் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் பிடிப்பதே மெதுவாகத்தான் இருக்கும், எந்த லென்ஸ் போட்டாலும். சத்தம் பதிவாகாது என்பது மட்டும்தான் அங்கே கிடைக்கும் லாபம்.

கேனான் 18-200 வந்தது 2008-ல். 595 கிராம், பழைய வகை மோட்டார், ஃபோகஸ் செய்யும்போது சத்தம் கேட்கும். கழுத்தில் தொங்கவிட்டு நடந்தால் குழல் தானாக வெளியே வழியும். அதற்காகவே பக்கவாட்டில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். டாம்ரான் 18-200 விசி (ஐஎஸ் போன்ற தடுப்புக்கு டாம்ரான் வைத்த பெயர்) 400 கிராம்தான், எடையே முக்கியம் என்பவருக்கு அது ஒரு வழி, முடிவில் எஃப் 6.3 என்பதை மனதில் வைத்துக்கொண்டு. 2017-ல் வந்த டாம்ரான் 18-400 கிட்டத்தட்ட 710 கிராம். 1500டி பேட்டரியோடு 475 கிராம். லென்ஸ் கேமராவைவிட கனம், மொத்தம் 1.2 கிலோவுக்குப் பக்கம். முன்பாரமாக இருக்கும், இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்தே பிடிக்க வேண்டும். 1500டி-யில் இருக்கும் 9 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கும் நெடுக்கும் உணரும் வகை. எஃப் 6.3 லென்ஸில், வெளிச்சம் குறைந்ததும், ஓரப் புள்ளிகள் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். நடுப்புள்ளியை மட்டும் வைத்துப் பிடித்தால் பெருமளவு சமாளிக்கலாம். வெயிலில், பயணத்தில், மழையில், தூசியில் லென்ஸ் மாற்றவே முடியாத வேலை என்றால் 18-400-க்கு நியாயம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

18-55 உடன் 55-250 எஸ்டிஎம் என்ற ஜோடிதான் காசுக்கு அதிகப் படத்தரம் தருவது. 55-250 எஸ்டிஎம் 2013-ல் வந்தது, 375 கிராம், 250-லும் நன்றாகக் கூர்மை காட்டும். இரண்டுக்கும் ஒரே 58 மி.மீ. ஃபில்டர் பொருந்தும், சின்ன விஷயம் என்றாலும் காசு மிச்சம். குறை என்னவென்றால் 85 சென்டிமீட்டருக்குக் கிட்டப் போகாது, மாற்றி மாட்ட வேண்டும். மாற்றுவதைக் கண்டு அவ்வளவு பயப்பட வேண்டாம். கேமராவை அணைத்து, கண்ணாடிப் பக்கம் தரையைப் பார்க்கும்படி பிடித்து, மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து விநாடி வேலை. கடற்கரைக் காற்றிலும், தேர் போகும் தூசியிலும் மட்டும் செய்யாதீர்கள். தூரமே தேவையில்லை, குடும்பமும் கோயிலும்தான் என்று எண்ணிக்கையில் தெரிந்தால் சிக்மா 17-70 எஃப் 2.8-4, அல்லது கேனான் 15-85 பழையது கிடைக்கிறதா என்று பாருங்கள். கேனானின் 15-ல், அதே 3 மீட்டரில், கிட்டத்தட்ட 4.5 மீட்டர் அகலம் அடங்கும். சிக்மா 22 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகும். நகை, கோலம், பலகாரத் தட்டு எடுப்பவர்களுக்கு அருமையான லென்ஸ்.

வாங்கும்போது பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 18-135 மூன்று விதம் உண்டு. 2009-ல் வந்த முதல் வகையில் எஸ்டிஎம் என்ற எழுத்து இருக்காது. 55-250 ஐஎஸ் II வேறு, 55-250 எஸ்டிஎம் வேறு. 18-55-லேயே ஐஎஸ் இல்லாத III வகை இருக்கிறது, உங்களுடையது எது என்று முன்வளையத்தைப் பாருங்கள். 1500டி-யில் ஈஎஃப், ஈஎஃப்-எஸ் என்ற இரண்டு வகை மட்டும் பொருந்தும். ஈஎஃப்-எஸ் லென்ஸில் வெள்ளைச் சதுரம், ஈஎஃப் லென்ஸில் சிவப்புப் புள்ளி இருக்கும். ஆர்எஃப், ஆர்எஃப்-எஸ், ஈஎஃப்-எம் என்று எழுதியவை உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கானவை, இதில் உட்காரவே செய்யாது. ‘கேனான்தான் சார், மாட்டும்’ என்று யார் சொன்னாலும் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் கேனான் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸுக்குப் போனால் இப்போது வாங்கும் ஈஎஃப்-எஸ் லென்ஸை அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம், அந்தக் கவலை வேண்டாம். நிக்கான் வைத்திருப்பவர் இதைப் படித்தால், 18-135 என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் 18-140 விஆர் (நிக்கானின் நடுக்கத் தடுப்பு) என்று படித்துக்கொள்ளலாம்.

இவற்றில் பல இப்போது பழையதாகத்தான் கிடைக்கும் என்பதால், சோதிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் இரண்டு பக்க மூடியையும் எடுத்து, பின்பக்கமிருந்து ஃபோன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சின்னச் சின்னத் தூசு எல்லா ஜூமிலும் இருக்கும், படத்தில் தெரியாது. சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை; எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். ஜூம் வளையத்தை 18-லிருந்து கடைசி வரை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் உரசலோ தட்டலோ இருக்கக் கூடாது. முன்விளிம்பில் ஃபில்டர் மாட்டும் மரை நசுங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ். கேமராவில் மாட்டி, எஃப் 11 வைத்து, 18, 35, 70, 135 என்று நான்கு இடத்திலும் படம் எடுங்கள். ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் ‘எர்ரர் 01’ வந்தால் முதலில் பின்பக்கத் தங்க நிறத் தொடுபுள்ளிகளைச் சுத்தமான துணியால் துடைத்துப் பாருங்கள். திரும்பவும் அதே இடத்தில் வந்தால் உள்ளே அப்பெர்ச்சருக்கு (வெளிச்சம் நுழையும் திறப்புக்கு) போகும் ஃபிளெக்ஸ் கேபிள் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஜூம் நீட்டிச் சுருக்கும்போது மடங்கி மடங்கிப் போவது அது. எஃப் 3.5-ல் முழுக்கத் திறந்து மட்டும் சோதித்தால் இந்தக் கோளாறு பல நேரம் வெளியே தெரியாது, அதனால்தான் எஃப் 11 என்கிறேன்.

கடைசியாகச் செய்தித்தாள் சோதனை. இரண்டு விரிந்த தாள்களை வெளிச்சமான சுவரில் சமமாக ஒட்டி, கேமராவை முக்காலியிலோ மேசையிலோ சுவருக்கு நேராக வைத்து, தாள்கள் சட்டத்தை நிரப்புமாறு தள்ளி வையுங்கள். 2 விநாடி டைமர், நடுப்புள்ளியில் ஃபோகஸ், எஃப் 8. திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளிலும் எழுத்தைப் படியுங்கள். நான்கும் ஒரே மாதிரி கொஞ்சம் மங்கலாக இருந்தால் அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும், அல்லது ஒரு பக்கம் மட்டும் எழுத்து கரைந்திருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. கேமரா சுவருக்குச் சாய்வாக இருந்தாலும் இப்படித் தெரியும், ஆகவே கேமராவைத் தலைகீழாக வைத்து இன்னொரு படம் எடுங்கள். படத்தின் அதே மூலையே திரும்பவும் கெட்டிருந்தால் லென்ஸின் குற்றம். கெட்ட மூலை எதிர்ப்புறம் மாறினால் நீங்கள் வைத்த கோணத்தின் குற்றம்.

வாங்கிய பிறகு ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் மறைப்பு வளையம்) ஒன்றை மறக்காமல் சேர்த்து வாங்குங்கள். 18-135 எஸ்டிஎம்முக்கு ஈடபிள்யூ-73பி. பகல் வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும், எதிலாவது இடிக்கும்போது முதல் அடியை வாங்குவதும் அதுதான். கேமராவின் சொந்த ஃபிளாஷைத் தூக்கினால் மட்டும் ஹூட்டைக் கழற்றிவிடுங்கள். 18-ல் படத்தின் அடியில் அரைவட்டமாகக் கறுப்பு நிழல் விழும், கேமரா கெட்டுவிட்டது என்று பலர் பயந்துபோவது இதைப் பார்த்துத்தான். மலிவான யுவி ஃபில்டர் போட்டிருந்தால் இரவில் விளக்குகளை எடுக்கும்போது அதையும் கழற்றுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்மூலையில் ஒரு பச்சைப் பேய் நிற்பது அந்தக் கண்ணாடியால். வைக்கும் இடம்தான் லென்ஸின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் தோல் பையிலும் துணி அடுக்குகளுக்கு நடுவிலும் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஐம்பது நூறு கிராம் சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாய்க்குள் வரும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடலாம்.